பத்து பூத்தேயை யாரும் திருடவில்லை

கோத்தா திங்கியில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, கடல் நடுவே இருக்கும் பாறைத் தீவான பத்து பூத்தே (சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பெட்ரா பிராங்கா) பற்றிப் பேச்சு வந்துவிட்டால் "சிங்கப்பூர்க்காரன் திருடிட்டான்" என்பதுதான் தீர்ப்பு. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் போன வாரம் தே தாரிக் ஆறிப்போகிற வரை இதையே பேசிக்கொண்டிருந்தார். கோபம் புரிகிறது. பாறை எங்கள் ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24. படத்தைக் காட்டினால் சின்னப் பிள்ளைகூட அது நம்முடையது என்றுதான் சொல்லும். ஆனால் பாறையைச் சிங்கப்பூருக்குக் கொடுத்த அனைத்துலக நீதிமன்ற வழக்கின் விவரத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் வேறு கதை தெரிகிறது, யாரும் திருடவில்லை, நாம்தான் கோட்டை விட்டோம்.

137 மீட்டர் நீளம், சராசரி 60 மீட்டர் அகலம், அவ்வளவுதான் அந்தப் பாறை. அதன்மேல் ஆங்கிலேயர் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851இலிருந்து எரிகிறது. 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஆதியில் இது ஜொகூர் சுல்தானுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது, அந்தக் கடலில் வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் சுல்தானுக்குக் கட்டுப்பட்டிருந்ததையும் அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. ஆக முதல் பாதியில் ஜெயித்தது நாம்.

அப்புறம் 1953 வருகிறது. கடல் எல்லையை முடிவு செய்ய வேண்டும், இந்தப் பாறையின் நிலை என்ன என்று சிங்கப்பூர் காலனி நிர்வாகம் ஜூன் மாதம் ஜொகூரிடம் கேட்கிறது. செப்டம்பர் 21ஆம் தேதியிட்டு ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதுகிறார்: பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை. ஒரே வாக்கியம். அப்படி எழுத அவருக்கு அதிகாரமே கிடையாது என்று மலேசியா வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை.

எல்லாப் பழியையும் அந்தக் கடிதத்தின் தலையில் போடுவதும் சரியில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது சிங்கப்பூர், 1977இல் ராணுவத் தொடர்புக் கருவி வைத்தது சிங்கப்பூர், அங்கே போக வேண்டும் என்றால் மலேசிய அதிகாரிகளே அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, இத்தனைக்கும் நாம் வாயே திறக்கவில்லை. கொடுமை என்னவென்றால் 1962 முதல் 1975 வரை நம் அரசாங்கமே வெளியிட்ட வரைபடங்களில் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று நாமே அச்சடித்திருந்தோம்! 1979 டிசம்பரில்தான் விழித்துக்கொண்டு, புது வரைபடத்தில் நம்முடையது என்று போட்டோம். பிப்ரவரிக்குள் அவர்களிடமிருந்து எதிர்ப்புக் கடிதம் வந்துவிட்டது. கடைசியில் நீதிபதிகளின் ஓட்டில் 12க்கு 4 என்று தோற்றோம். 2017இல் மறுஆய்வு கேட்டு மனு போட்டு, 2018இல் ஆட்சி மாறியதும் அதையும் நாமே திரும்பப் பெற்றோம், அதை விசாரிக்க 2024இல் அரச விசாரணை ஆணையமே உட்கார்ந்தது தனிக்கதை.

சரி, சபா பக்கத்துத் தீவான சிப்பாடானைப் பற்றி மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை? 2002 டிசம்பர் 17 அன்று இதே நீதிமன்றம்தான் இந்தோனேசியாவும் உரிமை கோரிய சிப்பாடானையும் பக்கத்துத் தீவான லிகிதானையும் 16க்கு 1 என்று நமக்குக் கொடுத்தது. எதை வைத்து? பழைய ஒப்பந்தங்களால் இரண்டு பக்கமும் உரிமையை நிரூபிக்க முடியவில்லை. வட போர்னியோவை (இன்றைய சபா) ஆண்ட ஆங்கிலேயர் ஆமை முட்டை எடுப்பதற்கு 1917இல் சட்டம் போட்டது, 1933இல் சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக்கியது, 1962இலும் 1963இலும் கலங்கரை விளக்கங்கள் கட்டியது, இதற்கெல்லாம் அந்தப் பக்கமிருந்து எதிர்ப்பே வராதது, இவைதான் நம்மைக் காப்பாற்றின. கிட்டத்தட்ட அதே கணக்கு. இந்தோனேசியாவில் ஏதாவது ஒரு காப்பிக் கடையில் யாரோ நம்மைத் திருடன் என்று திட்டிக்கொண்டிருப்பார். இதை அந்த அண்ணனிடம் சொன்னேன். "அது வேற, இது வேற தம்பி" என்றார். எப்படி வேற என்று மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. பால்மரக் காலத்தில் நம் தமிழ் ஆட்கள் கட்டி, தலைமுறை தலைமுறையாகத் திருவிழா எடுத்த தோட்டத்து மாரியம்மன் கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் கைமாறியதும் நிலப் பட்டா எங்கே என்று கேட்கிறார்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி அரசு நிலத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது உங்களுடையது ஆகாது, தனியார் நிலம் என்றாலும் 341ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். நடுக்கடலில் விளக்கைப் பார்த்துக்கொண்ட கணக்கு எடுபடுகிறது, செம்பனைக் காட்டுக்குள் ஏற்றிய விளக்குக்குக் கணக்கே இல்லை. நாடுகளுக்கான சட்டத்தையும் ஆட்களுக்கான சட்டத்தையும் போட்டுக் குழப்பாதே என்று வக்கீல்கள் சொல்வார்கள். சொல்லட்டும், வயிற்றெரிச்சல் போகவில்லை.

பத்து பூத்தே தீர்ப்பிலேயே பக்கத்திலுள்ள நடுப்பாறைகள் நமக்குக் கிடைத்தன, அங்கே 2017இல் ஒரு கடல்சார் தளமும் திறந்தாயிற்று. மிச்சம் இருப்பது வற்றும்போது மட்டும் தலைகாட்டும் தெற்குத் திட்டு. அது யாருடைய கடலில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்று சொன்ன நீதிமன்றம், யாருடைய கடல் என்று சொல்லவில்லை, இரண்டு நாடும் அதைக் கேட்கவும் இல்லை. இடையில், இந்தப் பாறைகளுக்கு வெகு மேற்கே துவாஸ் பக்கம் 2018இல் துறைமுக எல்லையை நாம் நீட்ட, அவர்களும் நீட்ட, மறுவருஷம் ஏப்ரலில் இருவரும் பழைய கோட்டுக்கே திரும்பினார்கள்.