பட்டியலில் ஏறிய பேட்ச், கெர்னலில் ஏறவில்லை: மண்டிப் பெட்டியில் ஓப்பன்பிஎஸ்டி 7.7

ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டியில் இணைய நுழைவாயிலாகவும் பிரிண்டர் சர்வராகவும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மேசைக் கணினி, போன சனிக்கிழமை இரவு முதன்முறையாகத் தன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விவர வரியில் "சிஸ்பேட்ச்-77-ஏஎம்டி64" என்ற பெயரைக் காட்டியது. அதே கணினியில் ஓப்பன்பிஎஸ்டி 7.7 இயங்குதளத்தின் திருத்தங்கள் (பேட்ச்கள்) வெளியாக வெளியாக, சிஸ்பேட்ச் என்ற கருவியால் ஒவ்வொன்றையும் ஏற்றிவிட்டதாகவே நான் நம்பியிருந்தேன். அந்தக் கருவி காட்டும் பட்டியலும் அப்படித்தான் சொன்னது. ஆனால் கெர்னலைத் தொடும் திருத்தங்களில் ஒன்றுகூட இத்தனை மாதங்களில் அங்கு நடைமுறைக்கு வரவில்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த கதையை எழுதிவைக்கிறேன். பிரிண்டருக்காகக் கெர்னலில் கைவைத்த எவருக்கும் இதே நிலை நேர்ந்திருக்கக்கூடும்.

மண்டியில் மானிட்டர் கிடையாது. கோபியிலிருந்து, தொலைவில் இருந்தே கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாகத்தான் எல்லா வேலையும் நடக்கும். கோவை உக்கடத்தில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய, இன்டெல் சிப் கொண்ட இரண்டு முனை நெட்வொர்க் கார்டைப் பொருத்திவிட்டு, அது தெரிகிறதா என்று கெர்னலின் துவக்கச் செய்திகளான டிமெசேஜைப் படித்தபோது, முதல் இரண்டு வரிகளிலேயே கண் நின்றுவிட்டது. கெர்னலை உருவாக்கியவர் பெயராக அங்கு "டிராட்" என்று இருந்தது. வெளியீட்டோடு வரும் மூலக் கெர்னலில் ஓப்பன்பிஎஸ்டி திட்ட நிறுவனர் தியோ டி ராட்டின் பயனர் பெயர் இருப்பது இயல்பு. ஆனால் கெர்னலைத் தொடும் ஒரு சிஸ்பேட்சாவது ஏறியிருந்தால், அந்த இடத்தில் பேட்ச் தயாரிக்கும் கணினியின் பெயர், அதாவது "சிஸ்பேட்ச்" என்று தொடங்கி வெளியீட்டு எண்ணும் கட்டமைப்பும் (செயலி வகை) சேர்ந்த பெயர், வந்திருக்க வேண்டும். சிஸ்பேட்சை எல் விருப்பத்துடன் ஓட்டினால் எல்லாத் திருத்தங்களும் வரிசையாக நின்றன. சி விருப்பத்துடன் ஓட்டினால் பாக்கி ஏதும் இல்லை. பட்டியல் ஒன்றைச் சொல்ல, ஓடும் கெர்னல் வேறொன்றைச் சொன்னது.

ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒவ்வொரு திருத்தமும் கெர்னலைத் தொடுவதில்லை. 2025 பிப்ரவரியில், முந்தைய 7.6-இல், எஸ்எஸ்எச்சுக்கு வந்தது போன்ற திருத்தங்கள் பயனர்நிலை நிரல்களை மட்டும் மாற்றுபவை. அவை என் கணினியில் ஒழுங்காகவே ஏறியிருந்தன. ஆகவே பட்டியலில் எத்தனை பேட்ச் இருக்கிறது என்று எண்ணி, கெர்னல் விவர வரியில் இருக்கும் வரிசை எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. கெர்னலைத் தொடும் ஒரு திருத்தமாவது பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் விவர வரியில் பெயர் மாறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பழுதின் வேர் கார்ல் எனப்படும் ஏற்பாட்டோடு பிணைந்திருந்தது. 2017 அக்டோபரில் வந்த 6.2 முதல், ஓப்பன்பிஎஸ்டி ஒவ்வொரு முறை துவங்கும்போதும், கெர்னலின் ஆப்ஜெக்ட் கோப்புகளை (தொகுத்த நிரல் துண்டுகளை) கலைத்த வரிசையில் மறுபடி இணைத்து, அடுத்த துவக்கத்துக்கு ஒரு புதிய கெர்னலை வைத்துவிடுகிறது. ஒரு கணினியின் கெர்னல் அமைப்பு மற்றொரு கணினியோடு ஒத்துப்போகாததால், ஒரு முகவரி கசிந்தாலும் அதை வைத்து மற்றவற்றைக் கணிப்பது தாக்குபவருக்குக் கடினமாகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் 6.1-இல் அறிமுகமான சிஸ்பேட்ச், இந்த ஏற்பாட்டின் மேல்தான் சவாரி செய்கிறது. அது முழுக் கெர்னலைக் கொண்டுவந்து வைப்பதில்லை. மாறிய ஆப்ஜெக்ட் கோப்புகளை ரீலிங்க் அடைவில் இட்டுவிட்டு, ரீஆர்டர் கெர்னல் என்ற ஸ்கிரிப்டை அழைக்கிறது. இணைக்கும் வேலை அந்த ஸ்கிரிப்டுடையது.

அந்த ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்கிறது. வார் அடைவின் டிபி உள்ளடைவில் கெர்னலின் ஷா256 மதிப்பு (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. வேரடைவில் இருக்கும் கெர்னலின் மதிப்பு அதோடு பொருந்தினால்தான் இணைப்பு நடக்கும். பொருந்தவில்லை என்றால், இது நிர்வாகி தானே அமைத்து வைத்த கெர்னல் என்று கருதி, அதை அழிக்காமல் ஒதுங்கிக்கொள்கிறது. இது மிகச் சரியான முடிவு என்பதே என் கருத்து. யாரோ நாள் கணக்கில் உழைத்துத் தொகுத்த கெர்னலை, ஒரு தானியங்கி ஸ்கிரிப்ட் கேட்காமல் மாற்றிவிடக் கூடாது.

என் கணினியில் அந்த மதிப்பு பொருந்தாமல் போனதற்குக் காரணம் பில் பிரிண்டர். கப்ஸ் என்ற அச்சிடும் மென்பொருள் வழியாக யுஎஸ்பி பிரிண்டரை ஓட்ட வேண்டுமானால், கெர்னலின் யுஎல்பிடி இயக்கி அதைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்; அப்போதுதான் அது யுஜென் என்ற பொதுச் சாதனமாகத் தெரிந்து, கப்ஸுக்குக் கிடைக்கும். கப்ஸ் பேக்கேஜோடு வரும் குறிப்பிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கெர்னல் அமைப்பை மாற்றும் கான்ஃபிக் கட்டளையை ஈ விருப்பத்துடன் ஓட்டி, கெர்னல் கோப்பிலேயே யுஎல்பிடியை முடக்கினேன். கோப்பு மாறியது, ஷா256 மாறியது. ஒவ்வொரு முறை சிஸ்அப்கிரேடு செய்து அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போதும் புதிய கெர்னல் வர, பிரிண்டர் நிற்க, நான் மறுபடி அதே கட்டளையை ஓட்ட, மறுபடி மதிப்பு கெட்டது. 7.7-க்கு மாறிய மே மாதத்திலும் அதையேதான் செய்திருந்தேன்.

கணினி இதைச் சொல்லாமல் இல்லை. துவக்கம் ஒவ்வொன்றிலும் மெசேஜஸ் பதிவில் ரீஆர்டர் கெர்னல் தோல்வி என்றும், ரீலிங்க் பதிவுக் கோப்பைப் பார்க்கும்படியும் ஒரு வரி இருந்தது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான், இரவு 3 மணிக்கு சிஸ்பேட்சை ஓட்டிய நாள்களில், ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் அஞ்சல்பெட்டிக்கும் அந்தச் செய்தி போயிருந்தது. அந்த அஞ்சல்பெட்டியை நான் திறந்ததே இல்லை. இது முழுக்க முழுக்க என் கவனக்குறைவு.

சனிக்கிழமை இரவு முதல் முயற்சி. இருக்கும் கெர்னலின் ஷா256 மதிப்பை எச் விருப்பத்துடன் அந்தக் கோப்பில் எழுதிவிட்டு, ரீஆர்டர் கெர்னலைக் கையால் ஓட்டினேன். சுழலும் வட்டு கொண்ட பழைய கணினி என்பதால் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது; பிழை எதுவும் வரவில்லை. மறுதொடக்கம் செய்ததும் விவர வரியில் "சிஸ்பேட்ச்-77" என்ற பெயரைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மாமா அழைத்தார். "மாப்பிள்ளை, பில்லு ஒண்ணும் வரலீங்களே. ஏலத்துக்குக் கெளம்போணும், சித்த பாருங்க" என்றார். அப்போதுதான் உறைத்தது. புதிதாக இணைக்கப்பட்ட கெர்னல், தொழிற்சாலையிலிருந்து வந்தது போன்ற சுத்தமான கெர்னல். அதில் யுஎல்பிடி மறுபடி உயிரோடு இருந்தது, பிரிண்டரைப் பிடித்துக்கொண்டது. அவசரத்துக்கு மாமாவைக் கைப்பில் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பழைய வழியில் கான்ஃபிக்கை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் பிரிண்டர் வந்துவிடும். ஆனால் ஷா256 மறுபடி கெட்டு, அடுத்த கெர்னல் பேட்ச் மறுபடி வாசலில் நிற்கும். பேட்சும் வேண்டும், பிரிண்டரும் வேண்டும் என்றால் வேறு வழி இருந்தாக வேண்டும்.

அந்த வழி கையேட்டிலேயே இருக்கிறது. ஈடிசி அடைவில் பிஎஸ்டி டாட் ரீ-கான்ஃபிக் என்ற கோப்பை வைத்து, கான்ஃபிக்கில் தட்டச்சு செய்யும் கட்டளைகளை அதில் எழுதிவிட்டால், ஒவ்வொரு மறு இணைப்பின் போதும் ரீஆர்டர் கெர்னலே அந்த மாற்றங்களைப் புதிய கெர்னலில் செய்துவிடுகிறது. மாற்றம் செய்த பிறகே ஷா256 கணக்கிடப்படுவதால் மதிப்பும் கெடாது. எனக்குத் தேவைப்பட்டது யுஎல்பிடியை முடக்கும் ஒரே ஒரு வரி. அதை எழுதி, ரீஆர்டர் கெர்னலை ஓட்டி, மண்டியில் வேலை முடிந்த பிறகு நேற்று இரவு மறுதொடக்கம் செய்தேன். டிமெசேஜில் பிரிண்டர் யுஜென்னாக வந்தது. சாதனக் கோப்புகளின் உரிமையைக் கப்ஸுக்கு மாற்றும் வழக்கமான வேலையை முடித்ததும் சோதனைப் பில் வெளியே வந்தது. விவர வரியில் சிஸ்பேட்ச் பெயரும் நிலைத்திருந்தது. அதன்பின் வேண்டுமென்றே மேலும் இரண்டு முறை மறுதொடக்கம் செய்து, ரீலிங்க் பதிவில் தோல்வி எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே கணினியை விட்டேன்.

கிரான் வேலையையும் மாற்றியிருக்கிறேன். சிஸ்பேட்ச் புதிதாக எதுவும் ஏற்றாதபோது 2 என்ற வெளியேறு மதிப்பைத் தருகிறது. அதைப் பிழையாகக் கொள்ளாமல் பிரித்தறிய வேண்டும். ஏதேனும் ஏறிய நாளில், பேட்ச் பட்டியலையும் கெர்னல் விவர வரியையும் ரீலிங்க் பதிவின் கடைசிச் சில வரிகளையும் சேர்த்து என் அஞ்சலுக்கு அனுப்பும்படி எழுதினேன். ரூட்டின் அஞ்சலும் இனி என்னிடமே வரும். அஞ்சலைத் திருப்பிவிடும் ஏலியாசஸ் கோப்பில் ஒரு வரி சேர்ப்பதற்கு இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது வருத்தமே. தானாக மறுதொடக்கம் செய்யும் பகுதியை நீக்கிவிட்டேன். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்துகொள்கிறேன்.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கெர்னல் இணையும் நேரத்திலோ சிஸ்அப்கிரேடு நடுவிலோ மின்சாரம் போவது எனக்குப் பெரிய கவலை. பவானி சாலையில் ஒரு கடையில் வாங்கிய மாற்று பேட்டரி ஆறு மாதத்திலேயே பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. உத்தரவாத அட்டையில் விற்ற தேதி எழுதப்படவில்லை என்று சொல்லி மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இனி பேட்டரி வாங்குவோர், தேதியும் முத்திரையும் வைத்து வாங்காமல் கடையை விட்டு இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வாங்கிய எட்ஜ்ரூட்டர் லைட் என்ற சிறு ரூட்டர் இன்னும் பாதியில் நிற்கிறது. அதே உக்கடத்துக் கடையில் கிடைத்ததுதான். 500 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டைக் கரு ஆக்டியான் சிப், 512 எம்பி நினைவகம். விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை. உள்ளே இருந்த யுஎஸ்பி குச்சி, இந்த மாதிரிகளில் வழக்கமாக நடப்பதுபோல், செத்திருந்தது. புதியதை மாற்றி ஓப்பன்பிஎஸ்டியை நிறுவிவிட்டேன். ஆனால் சிஸ்பேட்ச் ஏஎம்டி64, ஆர்ம்64, ஐ386 ஆகிய மூன்று கட்டமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆக்டியானில் ஒவ்வொரு திருத்தத்தையும் மூல நிரலில் ஒட்டி, நாமே தொகுக்க வேண்டும். வேறொரு வேகமான கணினியில் குறுக்குத் தொகுப்பு செய்து கொண்டுவரலாம் என்றால், ஓப்பன்பிஎஸ்டி திட்டம் அதை ஆதரிப்பதில்லை. அந்தந்தக் கணினியிலேயே தொகுப்பதுதான் அவர்களுடைய கொள்கை. ஒரு கட்டமைப்பு தன்னைத்தானே தொகுத்துக்கொள்ளும்போது அதில் ஒளிந்திருக்கும் பிழைகள் வெளிவரும் என்ற அவர்களுடைய வாதத்தை நான் ஏற்கிறேன். என்றாலும் இந்தச் சிறு பெட்டியின் முன் அமர்ந்து காத்திருப்பவருக்கு அது பெரும் பொறுமையைக் கேட்கிறது.

பேட்ச் கோப்புகளைச் சரிபார்ப்பதில் சிக்கல் இல்லை. 2014-இல் 5.5-உடன் வந்த சிக்னிஃபை கருவி, ஈடிசி அடைவில் இருக்கும் 77 வெளியீட்டின் பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைப் பார்த்த பிறகே திருத்தத்தை வெளியே விடுகிறது. அதை அப்படியே பேட்ச் கட்டளைக்கு ஊட்டிவிடலாம். செய்ய வேண்டிய வரிகள் ஒவ்வொரு பேட்ச் கோப்பின் தலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. யுஎஸ்பி குச்சியில் மூல நிரலை வைத்துத் தொகுத்தால் அதுவும் சீக்கிரம் செத்துவிடும் என்பதால், வீட்டிலுள்ள மற்றொரு கணினியின் வட்டை, பிணையத்தில் வட்டைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக ஏற்றி வைத்திருக்கிறேன்.

எட்ஜ்ரூட்டரில் கெர்னல் பேட்ச்களை ஒட்டி முடித்துத் தொகுப்பைத் தொடங்கியது செவ்வாய் இரவு. அதிகாலையில் மின்சாரம் போனதில் பாதியில் நின்றுவிட்டது. தொகுப்பை நடத்தும் மேக் கருவி விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்றாலும், பாதி எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் கோப்பு ஏதேனும் கிடக்குமோ என்ற ஐயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கெர்னல் துவங்காமல் போனால் பார்க்கத் தேவையான சீரியல் கேபிளும் மண்டியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஈரோடு போய் மண்டிக் கணினியின் மறுதொடக்கத்தை முடித்துவிட்டு, அந்தக் கேபிளை எடுத்து வந்து, முதல் கோப்பிலிருந்து மறுபடி தொகுக்க வேண்டும்.