இருபது வினாடி டிரம்ஸ்: பத்து வாரப் பயிற்சிக் குறிப்பு

கணினியில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால் முடிந்துவிடும் ஒரு வேலையைக் கையால் செய்து கற்பது என்று பத்து வாரத்துக்கு முன் முடிவு செய்தேன். ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, அதில் வரும் டிரம்ஸ் பகுதியை மட்டும் இடமும் வலமும் மாற்றி மாற்றி ஓட்டி, அறுபடாத தாளமாக நீட்ட வேண்டும். ஹிப்-ஹாப் பிறந்தது இந்தக் கைவேலையிலிருந்துதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை அறிந்துகொள்ளத்தான் நான் ராப் கேட்கத் தொடங்கினேன். வரிகளை எழுதிவைத்துப் படித்தேன், பொருள் தேடினேன். அந்த வரிகளுக்கு அடியில் ஓடும் தாளத்தை வாசித்தவர் யார் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

தேர்ந்தெடுத்த பாட்டு அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவாகி, அடுத்த ஆண்டு வெளியானது. பாட்டின் பிற்பகுதியில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, எட்டு ஆவர்த்தனம், ஏறக்குறைய 20 வினாடி, டிரம்ஸ் தனியே ஓடும். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ‘பிரேக்’ என்று பெயர். 1986இல் வந்த ‘இன் தி ஜங்கிள் குரூவ்’ தொகுப்பில் அது முழுமையாக இருக்கிறது. அதன் மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டாவது பிரதி கிடைக்க மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரமும் கருவியோடு போராடியே கழிந்தது. முதலில் வாங்கிய பழைய டர்ன்டேபிள் பெல்ட்டால் சுழலும் வகை. தட்டை விரலால் நிறுத்திப் பிடித்தால் அடியிலிருக்கும் உலோகத் தட்டும் சேர்ந்து தளர்ந்துவிடும். விட்டதும் வேகம் பிடிக்க ஒரு நொடி தேவைப்படும். அந்த ஒரு நொடியில் தாளம் செத்துவிடும். அதை விற்றுவிட்டு, மோட்டார் நேரடியாகச் சுழற்றும் வகையில் பழையது இரண்டு வாங்கினேன். ஊசி குதிப்பதைத் தடுக்க, ஊசியைத் தாங்கும் கையின் நுனியில் நாணயம் வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டின் வரிப்பள்ளம் வெளுத்துப்போனதுதான் மிச்சம். அந்தக் கையின் மறுமுனையிலிருக்கும் எதிர் எடையைச் சரியாகத் திருகி வைத்த பிறகு நாணயம் தேவைப்படவில்லை.

அடுத்தது இசைத்தட்டுக்கும் உலோகத் தட்டுக்கும் நடுவே போடும் விரிப்பு. இசைத்தட்டு வழுக்க வேண்டும், அடியில் மோட்டார் நிற்காமல் சுழல வேண்டும். இதற்கு வழி கண்டவர் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த ஜோசப் சாட்லர், அதாவது டி.ஜே. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். அவருடைய தாயார் தையல் வேலை செய்தவர். கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி தெளித்து விறைப்பாக்கிக்கொண்டார் அந்த இளைஞர். நானும் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். முதல் விரிப்புக்குக் கஞ்சி கெட்டியாகிவிட்டது, அப்பளம்போல் நெளிந்தது. இரண்டாவது சரியாக வந்தது. அதற்கடியில் மெழுகுத்தாள் ஒன்றும் வைத்தேன். விரலில் அந்த வழுக்கலை முதன்முறையாக உணர்ந்த மாலையை மறக்க மாட்டேன்.

நான்காம் வாரம் இரண்டாவது தட்டு வந்தது. பள்ளங்களின் நிறத்தைப் பார்த்து ஊசியை இறக்கினேன். பிரேக் முடிவதற்குள் மற்றத் தட்டில் அதன் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். பத்துக்கு ஏழு முறை தவறியது. ஆனால் இந்தத் தடுமாற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜமைக்காவிலிருந்து 1967இல் பிராங்க்ஸுக்கு வந்த டி.ஜே. கூல் ஹெர்க், ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை வைத்து பிரேக்கை நீட்டியது இப்படித்தான், ஊசியைக் கண்ணால் பார்த்து இறக்கித்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற கட்டடத்தின் பொது அறையில் அவர் இசை போட்டார். பள்ளி திறக்கும்முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல் நடத்திய விருந்து அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50.

அந்த ஆண்டுகளின் பிராங்க்ஸை மறந்துவிட்டு இந்த விருந்தைப் பேசக்கூடாது. விரைவுச்சாலைக்காக ஆயிரக்கணக்கானோரின் வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்திய கட்டடங்கள் உண்டு. அதே காலத்தில் நகர நிர்வாகம் தீயணைப்பு நிலையங்களை மூடியது. அந்த ஊர்ப் பிள்ளைகள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்தார்கள்.

ஐந்தாம் வாரம் ஃபிளாஷின் முறைக்கு மாறினேன். அவர் தட்டின் மேலேயே கிரையானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்து, எத்தனை சுற்றுப் பின்னால் தள்ள வேண்டும் என்று எண்ணினார். இசைத்தட்டை விரலால் தொடுவதே பாவம் என்று மற்றவர்கள் நினைத்த காலம். அவர் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர்; அந்தப் படிப்பு இந்த எண்ணத்தில் தெரிகிறது. நானும் கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தாள அடி. நான்கு அடி ஓர் ஆவர்த்தனம். இரண்டு ஆவர்த்தனத்துக்கு 4.8 வினாடி. ஆக, இரண்டே மூன்றில் இரண்டு சுற்று. பன்னிரண்டு மணியில் கோடு நின்றால், இரண்டு ஆவர்த்தனம் முடியும்போது அது மூன்றாவது சுற்றில் எட்டு மணியைத் தொடும். அங்கிருந்து அதே அளவு பின்னால் தள்ளினால் தொடக்கம் வந்துவிடும். ஒரு துண்டு வெள்ளை ஒட்டுத்தாள், தொடையில் கைத்தாளம், அவ்வளவுதான். ஆறாம் வார முடிவில் எட்டு முறை தொடர்ந்து மாற்ற முடிந்தது.

எட்டு முறை என்றால் அதே இரண்டு ஆவர்த்தனத்தை எட்டு முறை கேட்கிறேன். மாலைதோறும் இருநூறு, முந்நூறு முறை. அப்போதுதான் அந்தக் கைகள் காதில் விழத் தொடங்கின. ஸ்னேர் என்ற சிறு டிரம்மில் பலமாக விழும் அடிகளுக்கு நடுவே, இடக்கை கிசுகிசுப்பதுபோல் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது. தாளத்தை முன்னே தள்ளுவது அந்தச் சின்னத் தட்டுகள்தான். அவற்றில் ஒன்று நழுவினாலும் என் மாற்றம் நொண்டுகிறது.

அந்தக் கைகள் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுடையவை. 1943இல் டென்னசியின் சட்டனூகாவில் பிறந்தவர். ஊரின் தொழிற்சாலை இரைச்சலும் ரயில் ஓசையுமே தனக்குத் தாளம் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, கறுப்பர் என்பதில் பெருமை கொள்ளுங்கள் என்று முழங்கிய ஜேம்ஸ் பிரவுன் பாட்டிலும் டிரம்ஸ் அவருடையதே. ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் பிரவுனின் பெயர் இருக்கிறது. ஸ்டபிள்ஃபீல்டுக்குச் சம்பளத்தோடு சரி. அந்த 20 வினாடியை வெட்டி ஒட்டி எத்தனையோ பாடல்கள் விற்றன; அவருக்கு உரிமைத்தொகை என்று ஏதும் வரவில்லை. பணத்தைவிடத் தன் பெயர் வர வேண்டும் என்பதே தன் ஆசை என்று பேட்டியில் சொன்னார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான செலவில் ஏறக்குறைய 90,000 டாலரைப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் கட்டினார். 2017இல் ஸ்டபிள்ஃபீல்டு இறந்தார். பாட்டின் தலைப்பே அவரைப் பற்றியது. அவர் பெயர்தான் அதில் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

எட்டாம் வாரம், பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் 1989ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஃபைட் தி பவர்’ அருகே, நான் நீட்டிய தாளத்தை வைத்துக் கேட்டேன். இயக்குநர் ஸ்பைக் லீ தம் ‘டூ தி ரைட் திங்’ படத்துக்காகக் கேட்டு வாங்கிய பாட்டு அது. அதில் ஸ்டபிள்ஃபீல்டின் தாளம் ஒரு அடுக்கு மட்டுமே. அதன்மேல் ‘பாம் ஸ்குவாட்’ என்ற இசைத் தயாரிப்புக் குழு ஒலிமேல் ஒலியாகக் குவித்திருக்கிறது. அந்தப் படம் காணிக்கையாக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று எலினார் பம்ப்பர்ஸுடையது. 66 வயது மூதாட்டி. மாதம் 98 டாலர் 65 சென்ட் வாடகையில் நான்கு மாத பாக்கிக்காக, 1984 அக்டோபரில் வீட்டைக் காலி செய்விக்க வந்த காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட காவலர் 1987இல் விடுவிக்கப்பட்டார். அந்த வீடு இருந்ததும் பிராங்க்ஸின் மாரிஸ் ஹைட்ஸில். ஹெர்க் இசை போட்ட கட்டடம் இருப்பதும் அதே பகுதிதான். 2007இல் அந்தக் கட்டடத்தைக் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து விலக்க உரிமையாளர் முயன்றபோது, குடியிருப்போருடன் ஹெர்க்கும் சேர்ந்து நின்றார். இசையும் வாடகையும் வேறு வேறு கதை என்று இதுவரை நினைத்திருந்தேன்.

பத்தாம் வாரக் கணக்கு: தவறாமல் நான்கு நிமிடம் நீட்ட முடிகிறது. வலமிருந்து இடம் மாற்றும்போது இன்னும் அரை அடி முந்துகிறேன். ஒரு டர்ன்டேபிளிலிருந்து மற்றதற்கு ஒலியை மாற்றும் ஃபேடரை இடக்கையால் தள்ளும் அவசரம் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்துவைத்து அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழகப்போகிறேன். இரண்டு தட்டிலும் பன்னிரண்டு மணிக் கோடு போட்டிருந்த ஒட்டுத்தாள் அழுக்கேறிவிட்டதால் நேற்றுப் புதிது ஒட்டினேன். கோட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறை பின்னால் தள்ளும்போதும் அந்தப் பெயர்தான் விரலுக்கு அடியில் வந்து நிற்கிறது.