குன்னூர் மலைப்பாதையில் டர்பைன் ஹைபிரிட் லாரி: எண்ணெய்க் கணக்கு

டர்பைன் ஹைபிரிட் லாரி என்றதும் ஜெட் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எரியும் எண்ணெயின் சூடான வாயுவால் சுழலும் சின்ன டர்பைன் ஒரே வேகத்தில் ஓடி ஜெனரேட்டரைச் சுற்றும். அந்தக் கரண்ட் பேட்டரிக்குப் போகும், சக்கரத்தை ஓட்டுவது மோட்டார். அமெரிக்கக் கடை நிறுவனமான வால்மார்ட் 2014-இல் காட்டிய முன்மாதிரி டிராக்டர்-டிரெய்லர் இந்த வகைதான். அதில் இருந்தது கேப்ஸ்டோன் நிறுவனத்தின் 65 கிலோவாட் டர்பைன். முன்மாதிரியோடு நின்றுபோனது.

நீலகிரியில் நாற்பதடி டிரெய்லர் பேச்சுக்கே இடமில்லை, கொண்டை ஊசியில் திரும்பாது. ஆகவே கணக்கை ஆறு சக்கர லாரிக்கே போடலாம். 2018-க்குப் பிறகு இரண்டு ஆக்சில் வண்டிக்கு லோடோடு 18.5 டன் வரை அனுமதி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 34 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 70 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும். டயர் உருளும் இழுவைக்கு இன்னொரு 14. ஆகச் சக்கரத்தில் 84 யூனிட்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் இருக்கிறது. நல்ல டீசல் இன்ஜின் அதில் 4 யூனிட்டை வெளியே தரும், கியர்பாக்ஸ் தாண்டிச் சக்கரத்துக்கு 3.7 வரும். 65 கிலோவாட் டர்பைனின் திறன் 29 சதவீதம்தான். 2.9 யூனிட் கரண்ட், அது கன்ட்ரோலரும் மோட்டாரும் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது 2.6. லோடோடு மலை ஏற டீசல் வண்டி 23 லிட்டர் குடித்தால் டர்பைன் 32 குடிக்கும். ஒரு நடைக்கு 9 லிட்டர் கூடுதல். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 837 ரூபாய்.

‘இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகுமே’ என்பார்கள். ஆகும், நிறையவே ஆகும். லோடோடு இறங்கும் 18.5 டன் வண்டி, மோட்டாரையே பிரேக்காக வைத்தால் சுமார் 45 யூனிட்டைத் திரும்பப் பிடிக்கும். ஆனால் 30 யூனிட் பேட்டரிதான் வைத்திருந்தால் பாதி வழியில் வரும் பர்லியாரைத் தாண்டியதும் அது நிரம்பிவிடும், மிச்சம் சூடாக வீணாகும். எடுத்துச் செலவழிக்க முடிவது 27 என்று வைத்தால், அடுத்த ஏற்றத்தில் டர்பைன் 23 லிட்டரில் முடித்துவிடும். டீசல் வண்டியும் அதே 23தான். இறக்கத்தில் கியரில் விட்டால் டீசல் வண்டிக்கு எண்ணெய்ச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பேட்டரி சேமித்ததை டர்பைன் அப்படியே தின்றுவிடுகிறது. அதுவும் இரண்டு பக்கமும் முழு லோடு இருந்தால். அரிசி, சிமென்ட் ஏற்றிப்போய்க் காலியாக இறங்கும் வண்டிக்குத் திரும்பக் கிடைப்பது 17 யூனிட்தான். அப்போது டர்பைனுக்கு 26 லிட்டர், டீசலைவிட மூன்று அதிகம்.

அதே வண்டியில் டர்பைனுக்குப் பதிலாகச் சின்ன டீசல் இன்ஜினை ஜெனரேட்டராக வைத்தால், இரண்டு பக்கமும் லோடு இருக்கும்போது 18 லிட்டருக்குள் வேலை முடியும். ஆக மலையில் பயன் தருவது ஹைபிரிட் என்ற பாதி, டர்பைன் என்ற பாதி அல்ல.

பவரிலும் பிரச்சினை இருக்கிறது. பெயர்ப்பலகையில் 65 கிலோவாட் என்பது கடல் மட்டத்தில், 15 டிகிரியில் கிடைப்பது. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் காற்று லேசாகிப் பவர் குறையும். குன்னூரில் குளிர் இருக்கிறது, ஆனால் உயரத்தால் காற்றின் அடர்த்தியே ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழேயும் அடி, மேலேயும் அடி. 52 கிலோவாட்டை நம்பலாம். மணிக்கு 25 கிலோமீட்டரில் லோடோடு ஏற 69 கிலோவாட் கரண்ட் வேண்டும். மீதியை பேட்டரி தர வேண்டும். மலையடிவாரக் கல்லாறில் பாதிப் பேட்டரியோடு ஏறத் தொடங்கினால், குன்னூருக்கு முன்னால் வரும் காட்டேரி என்ற இடத்துப் பக்கம் வண்டி ஆமையாக ஊரும், பின்னால் பஸ்காரர் ஹாரனை விடமாட்டார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள டீசல் இன்ஜினுக்கு இந்த உயரம் பெரிய விஷயமில்லை.

டர்பைனுக்குச் சாதகங்களும் உண்டு. கேப்ஸ்டோன் வகையில் காற்றிலேயே மிதக்கும் பேரிங், ஆகவே இன்ஜின் ஆயில் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. புகை சுத்தம். பிஎஸ்-6 வண்டியில் இருக்கும் ஃபில்டர், யூரியாத் தொல்லை இல்லை. ஆனால் டர்பைன் டீசல் இன்ஜினைப்போல நாலைந்து மடங்கு காற்றை உறிஞ்சும், ஏர் ஃபில்டர் அவ்வளவு சீக்கிரம் அடைக்கும். மண் சரிந்து வரிசை நின்றால் நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்யக் கூடாது. வெளியேறும் சூட்டைத் திரும்பப் பிடிக்கும் ரெக்குபரேட்டரின் தகடுகள் சூடேறி ஆறி, சூடேறி ஆறி விரிசல் விடும். அது போனால் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். சாவியைத் திருப்பியதும் அணைவதும் கிடையாது, சில நிமிடம் ஓடிக் குளிர வேண்டும். மேட்டுப்பாளையம் பட்டறையில் டீசல் பம்பைக் கழற்றி மாட்டுவார்கள், நிமிடத்துக்கு 96,000 சுற்று சுற்றும் ரோட்டரை யார் தொடுவார்? விலையோ கிலோவாட்டுக்கு ஆயிரம் டாலருக்குக் குறையாது. டர்பைன் ஒன்றே புது ஆறு சக்கர லாரியின் விலையைத் தாண்டிவிடும். கேப்ஸ்டோனும் 2023-இல் திவால் பாதுகாப்புக்குப் போய் வந்த நிறுவனம், உதிரிபாகம் கிடைப்பதையும் யோசிக்க வேண்டும்.

காய்கறி வண்டியின் கணக்குதான் வேறு. காலியாக ஏறி, கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்குவது. ஏழு டன் காலி வண்டி ஏற 36 யூனிட் போதும். இறங்கும்போது வருவது 45. ஐம்பது யூனிட் பேட்டரி இருந்தால் டர்பைனும் வேண்டாம், டீசலும் வேண்டாம், நடைக்கு நடை மிச்சமே நிற்கும். சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே சுண்ணாம்புக்கல் இறக்கும் ஒரு மின்சார டம்பர் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை. மேலே நின்று பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு லோடோடு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரி எதையும் வாங்காது, மோட்டார் பிரேக் வேலை செய்யாது, இறக்கம் முழுக்கச் சாதாரண பிரேக்கின் டிரம்மும் லைனரும்தான். டீசல் வண்டியில் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இதில் கிடையாது. குன்னூரை விட்டுக் கிளம்பும்போது சார்ஜ் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். மிச்சச் சக்தியைச் சூடாக்கி வெளியே விடும் பிரேக் ரெசிஸ்டர் கட்டாயம், கூரைமேல் காற்றுபடும் இடத்தில். பனிமூட்டத்தில் ரோடு ஈரமாக இருந்தால் காலி வண்டிக்கு மோட்டார் பிரேக்கை ஒரு படி குறைத்து வையுங்கள், பின்சக்கரம் வழுக்கும்.