நீங்களெண்டா வந்திருப்பியளோ?

“ஏலும் சேர்” என்றான். முழங்காலைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னான். நான் அதற்குள் ஆள் மாற்றக் கையைக் காட்டிவிட்டேன். கோல் ஒன்றுக்கு ஒன்று, போட்டி முடிய இன்னும் கால் மணித்தியாலம் கிடந்தது. அந்த உதைபந்தாட்டப் போட்டியின் விதிப்படி வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போக முடியாது. கோட்டைத் தாண்டும்போது நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

“நீங்களெண்டா வந்திருப்பியளோ சேர்?”

“ஓம். வந்திருப்பன்.”

அவன் விட்டுவந்த இடது பக்கத்தாலேயே கோல் விழுந்து தோற்றோம். அது போகட்டும், தோல்வி எனக்குப் புதிதில்லை. என்னை இன்னும் அரிப்பது அந்த ‘ஓம்’.

அவனை வெளியே எடுத்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரும் அவனை இடிக்கவில்லை. ஓடிவந்து, ஊன்றிய காலிலேயே திரும்பும்போது விழுந்தான். முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் பெரும்பாலும் அப்படித்தான் அறும். அறுந்தால், சத்திரசிகிச்சை செய்தாலும் போட்டிக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். அடிபட்ட கொஞ்ச நேரத்தில் வலி அடங்கி, எழும்பி நடக்கலாம் போலவும் இருக்கும். வீக்கம் பிறகுதான் வரும். அதனால் அந்த நேரத்தில் விளையாடுகிறவன் சொல்லும் ‘ஏலும்’ கணக்கில் இல்லை. இதையெல்லாம் பயிற்றுவிப்பாளர் வகுப்பில் படிக்கும் முன்பே நான் என் காலில் படித்துவிட்டேன்.

2002 இல் யுத்தநிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக் கழகங்கள் முகமாலைச் சோதனைச் சாவடி தாண்டி வன்னிக்கு வந்து எங்களோடு விளையாடின. அப்படி ஒரு போட்டியில்தான் எனக்கு முழங்கால் திரும்பியது. மூன்று பேரை மாற்றலாம் என்பது விதி. எங்கள் வாங்கில் இருந்தது ஒரே ஒருவன், அவனும் கோல் காப்பாளன். “ஏலுமோ?” என்று வெளியே இருந்து கேட்டார்கள். “ஏலும்” என்றேன். பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு மேல் நின்றேன். பந்து என் பக்கம் வந்தபோதெல்லாம் நல்ல காலால் தள்ளிவிட்டேன். முடிகிற நேரத்தில் இரண்டாம் தரம் திரும்பியது. ‘டக்’ என்ற சத்தம் எனக்குக் கேட்டது. வென்றோம். அதற்குப் பிறகு நான் கழகத்துக்கு விளையாடவில்லை. 2008 இன் கடைசியில் யுத்தத்தில் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்தபோது அந்தக் கால் எத்தனை தரம் மடிந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அவனிடம் ‘வந்திருப்பன்’ என்றேன்.

அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது? ‘இல்லை, நான் வரவில்லை’ என்றால், சேரும் நின்றவர்தானே என்பது மட்டும்தான் அந்த வயதுக்குக் காதில் விழும். வாங்கில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த போட்டியில் ஒருவன்கூட வெளியே வரமாட்டான். பொய்தான், ஆனால் ஒரு காலைக் காப்பாற்றிய பொய். இப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவனுடைய மாமா கனடாவில் இருந்து வந்தார். அந்தப் பழைய போட்டியில் எங்களுக்குக் கோல் காத்தவர். மைதானத்துக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்: “மருமோனுக்கு உன்ர கதையெல்லாம் சொன்னனான். உங்கட சேர் ஒற்றைக் காலில நிண்டு எங்களை வெல்ல வச்சவர் எண்டு.” பெருமையாகத்தான் சொன்னார். பொடியன் அவருக்குப் பக்கத்தில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அவனுக்குத் தசைநார் அறவில்லை, வெறும் சுளுக்கு. மூன்று கிழமையில் ஓடத் தொடங்கிவிட்டான். அந்தக் கால் மணித்தியாலமும் அவன் நின்றிருக்கலாமோ, இரண்டாம் தரம் திரும்பியிருந்தால் என்னைப் போலப் போயிருக்குமோ, யாராலும் சொல்ல முடியாது. அவன் என்னைக் கோபித்ததும் இல்லை. பயிற்சிக்கு ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. ஆனால் முன்பெல்லாம் ‘ஏன் சேர்?’ என்று நூறு தரம் கேட்பவன், இப்போது எதைச் சொன்னாலும் “சரி சேர்” என்கிறான். கெட்டிக்காரப் பின்கள ஆட்டக்காரன் கேள்வி கேட்கிறவனாக இருக்க வேண்டும். அது நின்றுபோனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூப்பிட்டு இருத்தி உள்ளதைச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். சொல்வதென்றால் முழுவதும் சொல்ல வேண்டும். நான் வரவில்லை என்பதோடு அது முடியாது. அன்றைக்கு நின்றதற்கு எனக்கு இன்னும் வருத்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடம்பெயர்வில் பதக்கம், படம் எல்லாம் போய்விட்டன. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இருபது நிமிடம்தான். திரும்ப அதே வயசு வந்தால் அதே கிழிசலைத்தான் தேடுவேன். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் பயிற்றுவிப்பாளர் ஒருவர் இதை எப்படிச் சொல்வது? ஆனால், அவனை வெளியே எடுத்த என் கையும் அதே ஆளுடையதுதான். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கின்றன என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் ஃபிஃபாவின் 11+ பயிற்சியோடுதான் தொடங்குகிறோம். பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிடம். முழங்காலைக் காக்கவென்றே உருவாக்கியவை அதில் நிறைய இருக்கின்றன. மாரி முடிந்தால் எங்கள் மைதானம் கல்லாக இறுகிவிடும், அதனால் ஒரு நாளும் விடுவதில்லை. போன கிழமை ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த சின்னவன் ஒருவன் கேட்டான்: “சேர், உங்கட காலுக்கு என்ன நடந்தது?”

“வரம்பில வழுக்கினது” என்றேன்.

வரிசையின் கடைசியில் அவனும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். மெல்லக் காலை மாற்றிக்கொண்டான்.