கல்குவாரிக்குள் ஆறு மாதம்: மூன்றாம் இடமும் மூன்று தவறுகளும்

குவாரிகளில் பல்லுயிரைக் காக்கும் யோசனைகளுக்கான மாணவர் போட்டியில் எங்கள் மூவர் குழுவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் "குவாரியில என்னப்பா பல்லுயிர் இருக்கும்?" என்று கேட்டார்களே தவிர, உள்ளே நுழைய எத்தனை நாள் ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்களுக்கு எங்கள் அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

போட்டி எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குவாரி நடத்தும் நிறுவனம் மாணவர்களிடம் யோசனை கேட்கும். பிடித்திருந்தால் ஒரு குவாரியை ஒதுக்கிக் களப்பணிக்கு விடும். கடைசியில் அறிக்கை, நடுவர் குழு. எங்கள் யோசனை எளியது. வேலை நடக்கும் குவாரியில் வெற்றுத் தரை, செங்குத்துச் சுவர், மழைக்குட்டை மூன்றும் இருக்கும். வெளியே வயலும் கட்டடமும் ஆகிவிட்ட நிலத்தில் இவை கிடைப்பது அரிது. இவற்றையே நம்பி வாழும் உயிர்களைக் கணக்கெடுத்து, வேலையை நிறுத்தாமலே எப்படிக் காப்பாற்றலாம் என்று சொல்வது. யோசனை ஒரே வாரத்தில் தேர்வாகிவிட்டது. அதோடு சுலபமான பகுதி முடிந்தது.

முதல் நாள் கேட்டிலேயே நின்றுவிட்டோம். கல்லூரிக் கடிதத்தில் மூன்று பேர் பெயரும் இருந்தது. ஆனால் எங்களில் ஒருவனுக்குக் கடிதத்தில் ஒரு இனிஷியல், அடையாள அட்டையில் இரண்டு. காவலர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு" என்றார். ஆள் எதிரிலேயே நிற்கிறான். "சார், நான்தான் சார் அது" என்று அவன் சொல்ல, "பேப்பர் சொல்லலையே தம்பி" என்று பதில் வந்தது. சரி, மற்ற இருவராவது போகலாம் என்றால், விபத்துக் காப்பீட்டு நகல் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எந்த மின்னஞ்சலிலும் யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் இருந்தவரிடம் கேட்டால், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

இரண்டாவது முறை எல்லாக் காகிதமும் இருந்தது. அன்று வெடி நாள். சைரன் அடித்து, வெடித்து, பாறை முகப்பைச் சோதித்துப் பச்சைக்கொடி காட்டும் வரை யாரும் உள்ளே போக முடியாது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு விட்டார்கள். பறவைக் கணக்கெடுப்புக்கு அது உதவாத நேரம். அதனால் ஒரு சின்ன யோசனை: வெடி அட்டவணையை முந்தின நாள் மாலை போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரும்போது வெடித்துப் புகையும் அடங்கியிருக்கும்.

பாதுகாப்புப் பயிற்சி, ஹெல்மெட், ஷூ, ஒளிரும் ஜாக்கெட் எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்தன.

இப்போது எங்கள் பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எண்ணுவதற்காக நான்கு மனைகள், அதாவது எல்லை குறித்த சின்னத் துண்டு நிலங்கள், அமைத்தோம். இரண்டில் மாற்றம் செய்வது, இரண்டைத் தொடாமல் விட்டு ஒப்பிடுவது. முன்னும் பின்னும் எண்ணி, தொட்ட இடத்தையும் தொடாத இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாற்றம் நம்மால் வந்ததா, மழையால் வந்ததா என்று சொல்ல முடியும். பாடப்புத்தகம் சொன்னபடியே குச்சி நட்டு, கயிறு கட்டி, ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்துச் செடிகளை எண்ணி முடித்தோம். மூன்று வாரம் கழித்துப் போனபோது, தொடாமல் விட்டிருந்த இரண்டு மனைகளும் இல்லை. குச்சி மட்டும் போனது என்று நினைக்காதீர்கள். அந்த பெஞ்சே, அதாவது பாறையைப் படிபோல் வெட்டிய அந்தத் தளமே, இல்லை. நாங்கள் நின்று எண்ணிய தரைக்குப் பத்து மீட்டர் கீழே ஒரு பொக்லைன் நின்று டிப்பருக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தது.

யார் மீதும் கோபப்பட முடியாது. எந்த பெஞ்சை எந்த மாதம் உடைப்பது, மேல்மண்ணை எங்கே கொட்டுவது, பாதை எங்கே மாறும் என்பதெல்லாம் குவாரியின் வேலைத் திட்ட வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. பிறகு போய்க் கேட்டபோது, "அதெல்லாம் வெளியாளுங்களுக்குக் கொடுக்கிறதில்ல" என்றார் அலுவலக எழுத்தர். போட்டியை நடத்துவதே உங்கள் நிறுவனம்தானே என்றோம். அது வேறு துறை என்றார். நான்கு நடை நடந்தோம். ஐந்தாவது முறை எங்கள் பேராசிரியர் தொலைபேசியில் பேசிய பிறகு, நகல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. நீங்கள் குச்சி வாங்குவதற்கு முன்னால் இந்த வரைபடத்தைக் கேளுங்கள்.

அந்த இழப்பு நடந்த வாரத்தில்தான் பொக்லைன் ஓட்டும் அண்ணனோடு பேச்சுக் கொடுத்தோம். டீ இடைவேளையில், "என்ன தம்பி, தினமும் தரையையே பார்த்துக்கிட்டுத் திரியறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "அட, குருவி முட்டையா? பாதை ஓரத்துல கிடக்கு, நான் பார்த்து ஒதுக்கித்தான் ஓட்டுறேன்" என்றார். இரண்டு மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த பட்டாணி உப்புக்கொத்தி அது; வெற்றுத் தரையிலேயே முட்டையிடும் சின்னப் பறவை.

அவர் கை காட்டிய இடத்தில் முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சரளைக்கல், அவ்வளவுதான். பிறகு நான்கு கல் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உருண்டையாக இருந்தன. மணல் நிறம், மேலே மிளகுத்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள், கூர்முனைகள் நான்கும் உள்பக்கம் திரும்பியிருந்தன. கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை; சின்னப் பள்ளம்தான். தாய்ப்பறவை பத்தடி தள்ளி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது. நம்மைத் திசைதிருப்பும் நாடகம். அண்ணன் சிரித்தார். "வண்டியில வந்தா அது அசையாது தம்பி. ஆளு இறங்கினாத்தான் இந்த ஆட்டம்." உண்மைதான். இந்தப் பறவைகள் வண்டியைவிட நடந்து வரும் மனிதருக்குத்தான் அதிகம் அஞ்சும். அதன்பிறகு டிப்பரின் கேபினில் உட்கார்ந்தபடியே பைனாகுலரில் பார்த்தோம்.

கூட்டுக்குப் பக்கத்தில் கொடி நட வேண்டும் என்று எங்களில் ஒருவன் துடித்தான். செய்யாதீர்கள். கொடி எங்கே இருக்கிறதோ அங்கே முட்டை இருக்கிறது என்பதைக் காக்கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நன்றாகத் தள்ளி, பாதைப் பக்கமாக, சிவப்புச் சாயம் அடித்த இரண்டு பெரிய கல்லை வைத்தோம். ஓட்டுநர்களுக்கு மட்டும் அர்த்தம் தெரியும். அடைகாப்பு ஏறக்குறைய 24, 25 நாள். குஞ்சு பொரித்த ஒருநாளுக்குள் நடக்கத் தொடங்கிவிடும். வேலையை ஒரு மாதம் நிறுத்த வேண்டியதில்லை, இரண்டு கல்லைச் சுற்றிப் போனால் போதும் என்று மேலாளரிடம் சொல்ல முடிந்தது.

மேலாளரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் பயம் எங்களுக்குப் புரிந்தது. அரிய உயிர் இருக்கிறது என்று தெரிந்தால் யாராவது வந்து வேலையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அது இருக்கும் வரை எந்தக் குவாரியிலும் கூடு கண்ணில் பட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் காட்டிய முன்னுதாரணம் ஜெர்மன் குவாரிகள். அங்கே இதை 'வாண்டர்பியோடோப்' என்கிறார்கள், இடம் மாறும் வாழிடம் என்று பொருள். இந்த மூலையைத் தோண்டும்போது அந்த மூலையில் புதுக் குட்டை. மஞ்சள் வயிற்றுத் தேரை அங்கே லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்து நீரில்கூட முட்டையிடும். வேலை நடப்பதால்தான் அந்தப் பள்ளமே உண்டாகிறது.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர் கடைசி வரை சமாதானமாகவில்லை. நிறுவனத்தின் பசுமைத் திட்டப்படி முடிந்த இடமெல்லாம் மேல்மண் பரப்பி மரம் நட வேண்டும். நாங்களோ ஒரு பகுதியை மொட்டையாகவே விடச் சொன்னோம். "புல்லு கூட இல்லாத இடத்தைக் காட்டி பல்லுயிர்னு சொல்றீங்களே, இதைப் போட்டோ எடுத்து நான் யாருக்குக் காட்டுறது?" என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மரம் படத்தில் நன்றாக வரும், சரளை வராது.

குட்டைக்கு வருகிறேன், இதுவும் அடி வாங்கிய கதைதான். தட்டான் பறப்பதைப் பார்த்து அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று எழுத முடியாது; எங்கிருந்தோ வந்திருக்கலாம். கண்டம்விட்டுக் கண்டம் போகும் பான்டாலா ஃபிளாவெசென்ஸ் போன்ற தட்டான்கள் இருக்கும்போது சொல்லவே வேண்டாம். தண்ணீரில் வளர்ந்த இளம்புழு ஏறிவந்து தட்டானாக மாறும்போது கழற்றிப்போட்ட சட்டை ஓரத்துப் புல்லில் கிடைத்தால்தான் சான்று. நாள் கணக்குப் பார்த்து, சட்டை கிடைக்கும் என்று நம்பிய வாரம் போனால் குட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது. அது நீர் இறைக்கும் பள்ளமாம், பம்பு போட்டுவிட்டார்கள். அந்த இடமும் வரைபடத்தில் இருந்தது. பிறகு பம்புக்கும் வண்டல் தொட்டிக்கும் தொடர்பில்லாத மூலையில், பொக்லைன் அண்ணன் தன் மதிய இடைவேளையில் மூன்று ஆழமற்ற குழிகளைச் சரிவாக வழித்துக் கொடுத்தார். ஒரு பெரிய குளத்தைவிட இப்படிப் பல சின்னக் குட்டைகள் நல்லது. அவ்வப்போது வற்றினால் மீன் நிலைக்காது. மீன் இல்லாவிட்டால் தலைப்பிரட்டையும் தட்டான் இளம்புழுவும் பிழைக்கும். மழை பெய்து இரண்டு மாதத்தில் முதல் சட்டை கிடைத்தது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வந்தோம், கை நடுங்கியது.

மனைகள் போன பிறகு ஆராய்ச்சியை எப்படிக் காப்பாற்றினோம் என்றால், எங்களைக் கவிழ்த்த அதே வரைபடத்தால்தான். எந்த பெஞ்சில் எந்த ஆண்டு வேலை முடிந்தது என்று அதில் குறித்திருந்தது. அப்படியானால் போன வருடம் விட்ட பெஞ்ச், நான்கு வருடத்துக்கு முன் விட்டது, அதற்கும் பழையது என்று வரிசையாக எண்ணினால், ஒரே இடத்தைப் பல வருடம் பார்த்ததற்கு ஏறக்குறைய ஈடு. ஏறக்குறைய மட்டுமே. பாறையும் வெயில் படும் திசையும் ஒன்றாக இருக்கும் பெஞ்சுகளைத்தான் எடுக்க வேண்டும்; இதை அறிக்கையில் நாமே ஒப்புக்கொள்வது நல்லது. நடுவர் குழுவின் முதல் கேள்வியே "ஒப்பீட்டு மனை எங்கே?" என்பதுதான். வெடித்துவிட்டது என்றோம். ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் பெஞ்ச் வரிசையைக் காட்டினோம், சிரிப்பு நின்று பேனா ஓடியது.

புகைப்படத்துக்கும் ஒரு எச்சரிக்கை. எங்களிடம் இருந்த அருமையான படம், முட்டைக்குப் பக்கத்தில் நண்பன் மண்டியிட்டுப் பார்ப்பது. வியர்வைக்காக ஒரு நிமிடம் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். பாதுகாப்பு அதிகாரி படத்தையே தள்ளிவிட்டார். ஹெல்மெட் இல்லாத தலை ஒன்று மூலையில் தெரிந்தாலும் அந்தப் படம் எங்கும் போகாது.

கடைசி நாள் கூத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இரவு 12 மணிக்குள் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று பதறி, 11.50க்கு ஏற்றினோம். ஏற்றியது பழைய வரைவு. பெஞ்ச் வரிசையின் அட்டவணை அதில் இல்லை. கெடு என்பது போட்டி நடத்துபவர்களின் நாட்டு நேரப்படி என்றும், எங்களுக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது என்றும் அப்புறம்தான் தெரிந்தது. ஒருமுறை ஏற்றினால் மாற்ற முடியாது. அட்டவணையை நேர்காணலில்தான் காட்ட முடிந்தது. இரண்டாம் இடம் அங்கேதான் போனது என்று நான் இன்னும் நம்புகிறேன், நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

போன வாரம் பொக்லைன் அண்ணன் போன் செய்தார். "தம்பி, அந்தச் சிவப்புக் கல்லு ரெண்டையும் எடுத்துடவா? அந்தப் பக்கம் புதுப் பாதை வருது." என் குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்தேன், வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. குஞ்சுகள் போய் எத்தனையோ நாள் ஆயிற்று, எடுத்துடுங்கண்ணே என்றேன். "எடுத்து மேல் பெஞ்சுல வெச்சிடறேன்" என்றார். "அங்க ஒரு ஜோடி ரெண்டு நாளா இறக்கையை இழுத்துக்கிட்டு ஓடுது."