என் மகளுக்கு 8.2: ரத்தசோகையோடு போராடிய ஆறு மாதம்

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு கொடுத்தனுப்பிய சீட்டைப் பாப்பா கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. ரத்தசோகை இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில், சுற்றிலும் முந்திரித் தோப்பு.

முதலில் நான் நம்பவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பள்ளிக்குத் தினமும் போகிறாள். ஓடி விளையாடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள், அதற்கு வீட்டில் "அமைதியான பொண்ணு" என்று பெயர். காலையில் எழுப்ப எழுப்பத் தூங்குவாள், அதற்குச் சோம்பேறி என்று பெயர். முகம் வெளுத்துக்கொண்டே போனது; ஊருக்கு வந்த சொந்தக்காரர்கள் "வர வர நல்ல கலரா வர்றா" என்றார்கள். பச்சரிசிப் பானையில் கையை விட்டு அள்ளி அள்ளித் தின்பாள். "இவ கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போவுது" என்று என் மாமியார் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரு வருஷமாக நோய் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. நாங்கள் அதை அவள் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ரத்தம் குறைந்த பிள்ளை படுத்துக் கிடக்காது. "அவ அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான் இருக்கும். இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் குத்தி, சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் இரும்பு இருக்கிற சிவப்புச் சத்து, 8.2 வந்தது. ஐந்திலிருந்து பதினோரு வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது 11.5 இருக்கணும், 8க்குக் கீழே போனால் கடுமையான சோகை என்று நர்ஸ் அக்கா சொன்னார். பாப்பாவின் கீழ் இமையை லேசாக இழுத்துக் காட்டினார். அப்புறம் சுவரில் இருந்த கண்ணாடியில் என் இமையை நானே இழுத்துப் பார்க்கச் சொன்னார். என்னுடையது சிவப்பு. அவளுடையது நுங்கு நிறம். தினமும் தலை வாரி, பொட்டு வைத்து அனுப்புகிற முகம்தான் அது.

இரும்புச்சத்து மருந்து கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். சரியாகக் கொடுத்தால் மாதத்துக்கு ஒரு புள்ளியாவது ஏறும் என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் போனோம். 8.4.

எங்கே தப்பு என்று வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலியாகியிருக்க வேண்டிய பாட்டிலில் பாதி இருந்தது. நான் பண்ருட்டியில் தையல் வேலைக்குப் போகிறவள், மருந்து கொடுப்பது மாமியார் பொறுப்பு. விசாரித்தால், மூன்றாம் நாளே பாப்பாவுக்கு மலம் கரேலென்று போயிருக்கிறது. "மருந்து சூடும்மா, வயித்துக்கு ஒத்துக்கல. பயந்துபோய் அப்பப்ப நிறுத்தினேன்" என்றார் அத்தை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரும்பு மருந்து சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே யாராவது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதம் வீணாகப் போனது.

கொடுத்த நாட்களிலும் எப்படிக் கொடுத்தார்கள் என்றால், மருந்தை ஊற்றிவிட்டு, கசப்புப் போக உடனே ஒரு டம்ளர் டீ. அதுதான் இன்னொரு தப்பு. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. பாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எங்கள் வீட்டில் பாப்பா மூன்று வயதிலிருந்தே காலையும் மாலையும் டீ குடிக்கிறாள்.

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கியது கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பார்த்த குழந்தை மருத்துவர். எண் ஏறாததால் அங்கே எழுதிக்கொடுத்திருந்தார்கள். நெல்லிக்குப்பம் வழியாகப் பஸ், பாப்பா வழியெல்லாம் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள். கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், மலமும் கேட்டார்கள். டாக்டர் கேட்ட கேள்விகள் எனக்கு முதலில் புரியவில்லை. "சொந்தத்துல கல்யாணமா? பாப்பா செருப்புப் போடுமா? தோப்புக்குப் போவுமா? மண்ணு, பல்பம், அரிசி ஏதாவது திங்குதா?" அரிசி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பில் இரும்பு குறைந்தால் இப்படிச் சாப்பிடக் கூடாததைத் தேடித் தின்னும் ஆசை வரும், இதுவும் ஒரு அறிகுறிதான் என்றார். ரத்தத்தில் சிவப்பணுக்கள் சின்னதாக, வெளிறிப்போய் இருந்தன. தலசீமியா என்ற பரம்பரைக் கோளாறிலும் அப்படியே இருக்குமாம், அதற்கு வெறும் இரும்பு மருந்து உதவாதாம். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டது அதனால்தான். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டின் என்ற சோதனை மிகவும் குறைவாக வந்ததால், பாப்பாவுக்கு இரும்புக் குறைபாடுதான் என்று உறுதியானது.

மலச் சோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்தது. இந்தப் புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. ஈர மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறி, கடைசியில் குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். முந்திரி சீசனில் விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாரும் தோப்பில்தான் கிடப்பார்கள், கொட்டை பொறுக்குவார்கள், யார் காலிலும் செருப்பு இருக்காது. தோப்பு ஓரத்தில்தான் இன்னும் பலர் ஒதுங்கவும் செய்கிறார்கள். பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை தருகிறார்களே என்றேன். யோசித்துப் பார்த்தால், இரண்டு தடவையும் நாங்கள் ஊரில் இல்லை, ஒரு தடவை திருவிழா, ஒரு தடவை துக்கம். விட்டுப்போனால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதும் தெரியாது. அன்றைக்கே அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை மென்று விழுங்க வைத்தார்கள். திரும்பி வரும்போது பண்ருட்டி பஸ் நிலையத்துக்கு வெளியே அவளுக்கு இரண்டு ஜோடி செருப்பு வாங்கினேன், ஒன்று பள்ளிக்கு, ஒன்று தோப்புக்கு.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. 2016–18இல் நாடு முழுக்க நடந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். கிட்டத்தட்ட நாலில் ஒன்று. மறுநாள் பள்ளிக்கு விடப் போனபோது காலை வணக்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வரிசையாக நின்ற பிள்ளைகளை எண்ணாமல் என்னால் இருக்க முடியவில்லை. நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது.

அப்புறம் முறையை மாற்றினோம். கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்று எடை பார்த்துத்தான் அளவு சொன்னார்கள், அவள் எடை 19 கிலோ. வெறும் வயிற்றில் கொடுத்தால் நன்றாகச் சேரும் என்பதால் முதலில் விடிகாலையில் கொடுத்துப் பார்த்தோம், வயிறு வலிக்கிறது என்று அழுதாள். சரி என்று மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். மருந்தோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இல்லையென்றால் பாதிக் கொய்யா. அதில் இருக்கிற வைட்டமின் சி-யால் இரும்பு நன்றாக ஏறும். பல்லில் கறை படியாமல் இருக்க உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். டீயை அடியோடு நிறுத்தினோம். மூன்று நாள் வீட்டில் ஒரே ரகளை. காலண்டரில் தினமும் மருந்துக்கு ஒரு டிக். டிக் அடிப்பது பாப்பாவின் வேலை.

சாப்பாட்டிலும் கொஞ்சம் மாற்றம். வீட்டில் முருங்கை மரம் இருக்கிறது, கீரை வாரம் மூன்று நாள். ஆனால் கீரை இரும்பு உடம்பில் கொஞ்சமாகத்தான் சேரும், மீனும் கறியும் ஈரலும் கொடுப்பது போல வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் காராமணிக்குப்பம் திங்கள் சந்தைக்கு யார் போனாலும் கருவாடு வாங்கிவரச் சொல்கிறேன், வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் கொஞ்சம். பள்ளியில் காலை உணவும், மதியம் முட்டையோடு சாப்பாடும் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் எங்கள் மாதிரி வீட்டுக்கு ரொம்பக் கஷ்டம்.

அரிசி தின்பது இரண்டு வாரத்துக்குள் நின்றது. எண் ஏறுவதற்கு முன்னால் அதுதான் நின்றது. "பானை மூடி அசையவே மாட்டேங்குது பாத்தியா" என்று அத்தைதான் முதலில் கவனித்தார். அடுத்த மாதம் 9.6. அதற்கடுத்து 10.8. மூன்றாவது தடவை 11.7. உடனே நிறுத்திவிடாதீர்கள், உடம்பின் சேமிப்பு நிறையணும் என்று மேலும் இரண்டு மாதம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்து முடித்தோம்.

இப்போது பள்ளியில் வாரம் ஒன்று தரும் இளஞ்சிவப்பு மாத்திரைதான். அதில் 45 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, இனிமேல் சோகை வராமல் பார்த்துக்கொள்ள அது போதும். முன்பெல்லாம் அதை வாங்கிப் பாவாடைப் பையில் போட்டு, வரும் வழியில் வேலியில் எறிந்திருக்கிறாள். வாந்தி வரும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம். டீச்சரிடம் சொன்னேன். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்து, தன் முன்னாலேயே தண்ணீர் குடித்து விழுங்கச் சொல்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு முழுப் பல்பத்தை மென்று தின்றுகொண்டிருந்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். கிட்டே கூப்பிட்டு இமையை இழுத்துப் பார்த்தேன். அவன் அம்மாவிடம் பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன், மூன்று பேரும் போகிறோம்.