ஐயாறு முப்பது

மே மாதத்தில் தஞ்சாவூருக்கு விருந்தாட வரும் எந்தப் பிள்ளைக்கும் காவிரியில் தண்ணீரைக் காட்ட முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் சென்னையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை, "உன் வயசுல நான் படித்துறையிலிருந்து ஆத்துல குதிப்பேன்டா" என்று மகனிடம் அளந்துவிட்டேன். ஒன்பது வயது. லீவுக்கு என் அப்பா வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டான். ஆறு எங்கே?

ஒன்றல்ல, அஞ்சு ஆறு காட்டுகிறேன் என்றேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான், அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து பாலங்கள். அதனால்தான் அந்த ஊர் ஐயாறு. "ஐயாறு முப்பதும்மா" என்றான். வாய்ப்பாடு இப்போதுதான் ஏறியிருக்கிறது, எதற்கெடுத்தாலும் பெருக்குகிறான்.

"கத்திரி வெயில்ல புள்ளைய எங்கம்மா இழுத்துட்டுப் போறே?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்க, காலை ஆறே முக்காலுக்கெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டோம். எனக்கு மகளிர் இலவசம். அவனுக்கு அரை டிக்கெட். குடும்பத்தில் அன்று காசு கொடுத்துப் பயணம் செய்தவன் அவன் ஒருவன்தான் என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம், டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மெஷின் டிக்கெட்டில் நகத்தால் கீறினால் கறுப்பாகக் கோடு விழும், உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கரந்தை தாண்டி வடவாறு வந்ததும் எட்டிப் பார்த்தான், ஆகாயத்தாமரையும் நடுவில் குட்டைபோலக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும். நகத்தால் ஒரு கோடு கீறினான். வெண்ணாறு, மணல். ஒரு கோடு. வெட்டாற்றில் ஆடு மேய்ந்தது. குடமுருட்டி வருவதற்குள் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டான், பாலம் வந்தால் கோடு மட்டும்.

"இதெல்லாம் ஆறுன்னு யாரும்மா சொன்னா?"

பின் சீட்டில் வாழைத்தார் மூட்டையோடு இருந்த ஒரு பெரியம்மா சிரித்துவிட்டார். "ஆடி மாசம் வா சாமி, அப்பத் தெரியும்" என்றார்.

திருவையாற்றில் இறங்கி முதலில் ஐயாறப்பர் கோயில். பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை திரும்பக் கேட்கும் என்பார்கள். இவன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். நாலு என்றான், அப்புறம் அஞ்சு என்றான், பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பத்துப் பிள்ளையும் சேர்ந்து கத்த, எது யாருடைய எதிரொலி என்று கணக்கே போய்விட்டது. அப்பர் கயிலைக்குப் போக முடியாமல் வழியில் தளர்ந்து விழுந்ததும், இறைவன் சொன்னபடி அங்கே ஒரு பொய்கையில் முங்கி இங்கே திருவையாற்றுக் குளத்தில் எழுந்ததும் அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அவருக்குத் தண்ணி இருந்திருக்கு" என்றான். என்ன சொல்வது.

சரி, காவிரி. புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கினால் கடைசிப் படிக்குக் கீழே மணல், அக்கரை வரைக்கும் மணல், ஓரத்தில் நாணல். தியாகராஜர் சமாதி பக்கத்திலேயே இருக்கிறது, தை மாத வாக்கில் வரும் ஆராதனையின்போது இதே கரையில் நிற்க இடம் கிடைக்காது. இப்போது ஆற்றுக்கு நட்ட நடுவில் நாலைந்து பையன்கள் மூங்கில் குச்சி நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைகிறது என்று இவனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் என் பிள்ளை காவிரியில் ஃபீல்டிங் நின்றான்.

அதற்குப் பிறகுதான் ஊற்று தோண்டினோம். நான் சிறுமியாக இருந்தபோது கோடையில் ஆற்று மணலை முழங்கால் ஆழம் பறித்தால் போதும், அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வரும். முதலில் கலங்கல், அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் அடுத்து வருவது கண்ணாடி மாதிரி இருக்கும். இருவரும் கையாலேயே பறித்தோம். மேல் மணல் சுட்டது, ஒரு சாண் கீழே வெதுவெதுப்பு, அதற்கும் கீழே ஈரம். நிறம் மாறியதும் அவன் கத்திய கத்தலில் பந்து போடப்போன பையன் நின்றுவிட்டான். படுத்துக்கொண்டு தோள் வரைக்கும் கையை விட்டுப் பறித்தேன். சில்லென்று ஈர மணல் கையில் வந்தது, பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். பக்கம் சரிந்து குழி மூடிக்கொண்டது. சுற்றிலும் இத்தனை போர்வெல் இறங்கிய பிறகு ஊற்று எங்கே மேலே நிற்கும்?

படியில் உட்கார்ந்து மணலைத் தட்டிக்கொண்டே கணக்குச் சொன்னேன். மேட்டூர் 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி, நிறைந்தால் 93.47 டிஎம்சி. தண்ணீர் இருந்தால் குறுவை நெல்லுக்காக ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அது கல்லணை வந்து சேரவே மூன்று நான்கு நாளாகும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள், அப்புறம்தான் இங்கே. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஸ்கூல் எப்பம்மா திறக்கும்?"

"ஜூன் முதல்ல."

"அப்ப எனக்குத் தெரியாம வருது."

உண்மைதான். லீவுக்கு வருகிற பிள்ளைகள் போன பிறகுதான் இந்த ஆறு வீட்டுக்கு வருகிறது. உள்ளூர்க்காரியாக இருந்தவரை இது எனக்கு உறைத்ததே இல்லை.

சமாதானத்துக்கு அசோகா. திருவையாறு வந்துவிட்டு அசோகா அல்வா சாப்பிடாமல் போவது பாவம். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும், சூடாக வாங்க வேண்டும், ஆறினால் பாதி ருசி போச்சு. இரண்டு முறை வாங்கினான், நெய் முழங்கை வரை வழிந்தது.

கையைக் கழுவ இடம் தேடித்தான் கல்லணை ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தோம், இரண்டு பக்கமும் வாழைக்கொல்லை, உள்ளே எங்கோ மோட்டார் ஓடும் சத்தம். வரப்பில் நின்ற பெரியவரிடம், "ஐயா, புள்ள கொஞ்சம் கை கழுவிக்கட்டுங்களா?" என்றேன். அவர் இவன் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கை என்னம்மா கை, குளிக்கவே சொல்லுங்க. பதினொன்னரைக்குக் கரண்ட் போயிடும், அதுக்குள்ள."

சட்டையைக் கழற்றுவதற்குள் இறங்கிவிட்டான். தொட்டிதான், மார்பளவு தண்ணீர். குழாயிலிருந்து விழும் தண்ணீர் முதுகில் அறைந்ததும் மூச்சு நின்றதுபோல வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. நான் வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன், சேலை முட்டிவரை நனைந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கச் சொல்லிக்கொடுத்தேன். என் அப்பா எனக்குப் படித்துறைக் கல்லைப் பிடிக்கவைத்துச் சொல்லிக்கொடுத்த அதே உதை. சொன்ன மாதிரியே பதினொன்றரைக்கு மோட்டார் நின்றது. பெரியவர் ஒரு வாழைச் சீப்பைக் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் புது டிக்கெட். காலை டிக்கெட் கால்சட்டைப் பையில் நனைந்து கூழாகியிருந்தது. பாலங்களை அவன் பார்க்கவே இல்லை, ஏறியவுடன் மொத்தமாகக் கீறிக்கொண்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன், ஆறு கோடு.

"அஞ்சுதானேடா?"

"இது ஆறாவது ஆறு. மோட்டார் கொட்டகை" என்றவன், கரந்தை வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டான்.